டோக்கன் இல்லாத திங்கட்கிழமை

கதிருக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். உன் அப்பாவின் இருமல் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. போன வாரம் நீ நூர்ஜகான் அக்கா வீட்டுக்குப் போன் செய்ததும், "அம்மா வேணாம் பெரிம்மா, அப்பாவை மட்டும் கூப்பிடுங்க" என்று சொன்னதும் எனக்குத் தெரியும். அடுத்த வீட்டில் இருந்துகொண்டு அக்கா அதை என்னிடம் சொல்லாமல் இருப்பாரா? "ஏண்டி, உம் புள்ள உனக்குப் பயந்துகினு போன் பண்றான், இன்னா சமாச்சாரம்?" என்று மதில் சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டார். உன் அப்பாவோ விஷயத்தைச் சொல்வதாக இல்லை. மைக் கிடைத்தால் இரண்டு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசுகிற மனிதர், அன்று பகல் முழுவதும் ரசத்தில் புளி அதிகம் என்றே பேசிக்கொண்டிருந்தார். சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"கதிருக்கு வேலை கிடைச்சிருக்காம்."

"நல்லதுதானே."

"கார்மென்ட்ஸ்ல."

"இருக்கட்டும். அதுக்கு ஏன் இப்படி முழிக்கிறீங்க?"

"ஃப்ளோர் இன்சார்ஜா."

நான் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். ஏற்கெனவே கழுவியிருந்த நான்கு கிளாஸ்களையும் சேர்த்துக் கழுவினேன் என்று உன் அப்பா பிறகு சொன்னார்.

ஒன்றாம் தேதி சேர வேண்டுமாம். முந்நூறு பெண்கள் உனக்குக் கீழே வேலை செய்வார்களாம். அம்மா ஒப்புக்கொள்ளாவிட்டால் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாயாம். இதைச் சொல்வதற்குக் கீழ்க்கட்டளையிலிருந்து அஸ்தினாபுரத்துக்கு வர முடியாதா உனக்கு? பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் ஊர் வந்துவிடும். ஆனால் ஒரு வகையில் நீ வராமல் இருந்ததும் நல்லதுதான். நம் வீட்டில் மூன்று பேர் சேர்ந்து பேசினால் அது கூட்டமாகிவிடும். உன் அப்பா தலைமை தாங்கிவிடுவார். முடிவில் தீர்மானம் வேறு போடுவார். அதனால்தான் எழுதுகிறேன். செங்கதிர் என்று நாங்கள் வைத்த பெயரின் முன்பாதியை நீ பாலிடெக்னிக் சேர்ந்த வருஷமே வெட்டிவிட்டாய். கதிர் என்றால்தான் உனக்குப் பிடிக்கும் என்று நானும் அப்படியே எழுதியிருக்கிறேன். நான் சண்டைக்கு வரவில்லை என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்.

சங்கம், இயக்கம் என்று ஓடியதில் உன்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று நான் உருகி எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. நூர்ஜகான் அக்கா வீட்டில் நீ தின்ற பிரியாணிக்கு நான் வீட்டில் இருந்திருந்தால் வழியே இல்லை. பள்ளிக்கூட விழாவில் நீ பேச்சுப்போட்டியில் பேசியபோது நான் பல்லாவரம் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். அக்காதான் வந்து கைதட்டினார். நான் தட்டுவதைவிட அது சத்தமாகத்தான் இருந்திருக்கும். நீ நன்றாக வளர்ந்தாய். ஒரு தாயால் மட்டுமே ஒரு பிள்ளையை வளர்க்க முடியும் என்று சொல்கிறவர்கள் நம் தெருவுக்கு வந்து பார்க்க வேண்டும்.

உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, ஆறு வயதில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். வீட்டுக்கு வருகிற தோழர்கள் எல்லோரும் புரட்சி வரும், புரட்சி வரும் என்று பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அம்மா, அது எத்தனை மணிக்கு வரும்? அதுக்கப்புறம் வாய்ப்பாடு எழுதணுமா?" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பா உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "சீக்கிரமே வரும் கண்ணு, ஆனா வாய்ப்பாடு எழுதித்தான் ஆகணும்" என்றார். அது எத்தனை மணிக்கு வரும் என்று எனக்கும் தெரியவில்லை. ஆனால் ஒருமுறை, ஒரு திங்கட்கிழமை காலை, அது கொஞ்ச நேரம் வந்து நின்றதை என் கண்ணால் பார்த்தேன். அந்தக் கதை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். உன் அப்பா மேடையில் சொல்லும் கதைதான் உனக்குத் தெரியும். அதில் பாதி இல்லை. நீ இந்த வேலைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்னால் அந்த மீதிப் பாதி உனக்குத் தெரிய வேண்டும்.

அப்போது நீ எட்டாவதோ ஒன்பதாவதோ படித்தாய். தாம்பரத்துக்குப் பக்கத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருந்த சட்டைக் கம்பெனியில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் செக்கிங்கில் நான் இருந்தேன். இப்போது அந்தக் கம்பெனியும் இல்லை, அந்தக் கட்டடமும் இல்லை. பத்துப் பன்னிரண்டு லைன், ஒவ்வொரு லைனிலும் முப்பது பெண்கள். ஒருத்தி காலர், ஒருத்தி கை, ஒருத்தி பட்டன். ஒவ்வொரு லைனின் தலையிலும் ஓர் ஆணி. அதில் ஒரு மரத்துண்டு தொங்கும். அதுதான் டோக்கன். பாத்ரூம் போக வேண்டுமென்றால் அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். போனவள் திரும்பி வந்து ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். முப்பது பேருக்கு ஒரு டோக்கன். இதனால் பெண்கள் என்ன செய்வார்கள்? தண்ணீர் குடிக்க மாட்டார்கள். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, காலையிலிருந்து மாலைவரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் தைப்பார்கள். பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. மாதவிலக்கு நாட்களில் புடவையில் கறை பட்டு, முந்தானையைச் சுற்றிக்கொண்டு எலெக்ட்ரிக் ரயிலில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போன பெண்களை எனக்குத் தெரியும். நானும் போயிருக்கிறேன்.

இதை வைத்துத்தான் சங்கம் கட்ட வேண்டும் என்று முடிவெடுத்தோம். உன் அப்பாவும் நான்கு தோழர்களும் வெளியிலிருந்து வேலை செய்தார்கள். உள்ளே நான். கிளைக் கூட்டத்தில் நான் கொடுத்த அறிக்கை எனக்கு இன்னும் மனப்பாடம்: "பெண் தொழிலாளர்களிடம் ஒற்றுமை இல்லை, ஒரு ரகசியத்தைக் காக்கும் கட்டுப்பாடு இல்லை." அதைக் கேட்டுத் தோழர்கள் கவலையோடு தலையாட்டினார்கள். முதலில் ஒரு கேட் மீட்டிங் போட்டு உணர்வூட்ட வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. ஷிப்மென்ட் நெருங்கியதால் ஞாயிற்றுக்கிழமையும் கட்டாய ஓ.டி. என்று கம்பெனி சொல்லியிருந்தது. ஆகவே அந்த ஞாயிறு மாலை, வேலை முடிந்து எல்லோரும் வெளியே வரும் நேரத்துக்கே மீட்டிங் என்று நாள் குறித்தோம். மைதா மாவில் பசை காய்ச்சி, தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரைக்கும் போஸ்டர் ஒட்டினோம். பசை காய்ச்சிய அடுப்பில் அந்த வாரம் முழுக்கக் குழம்பும் மைதா வாசனை அடித்தது.

அந்த ஞாயிறு ஆடி மாதத்து ஞாயிறு. எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. சாமி படம் போட்ட தினசரி காலண்டர் நம் வீட்டில் மாட்டக் கூடாது என்பது உன் அப்பாவின் கொள்கை. கல்யாணமான புதிதில் மளிகைக் கடைக்காரர் கொடுத்ததை நான் மாட்டினேன், ராகு காலம் போட்டிருக்கிறது என்று கழற்றிவிட்டார். மற்ற தோழர்கள் வீட்டிலும் அதே கதைதான். தெருப் பையன்கள் கூழ் ஊற்றுவதற்கு வசூல் கேட்டு வந்தபோது, உன் அப்பா அவர்களை நிற்க வைத்து அரைமணி நேரம் பகுத்தறிவு பேசினார். என்றைக்குக் கூழ் என்று மட்டும் கேட்கவில்லை. ஊர் முழுக்க வேப்பிலையும் மஞ்சள் துணியும் கட்டியிருந்தது. அதையெல்லாம் மூடநம்பிக்கை என்று பார்த்தோமே தவிர, தேதி என்று பார்க்கவில்லை.

உனக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி அன்றைக்கு ஓ.டி.க்கு லீவு வாங்கியிருந்தேன். மாலை நான்கு மணிக்கு மைக் செட்காரரோடு போய் இறங்கினால் கம்பெனி கேட் பூட்டியிருக்கிறது. வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம்.

"இன்னாம்மா, நீயே இங்க வேல பாக்குறவ, உனுக்குத் தெரியாதா? காலைலேர்ந்து ஒருத்தி வர்ல. அல்லாரும் கூழு ஊத்தப் பூட்டாளுங்க. மானேஜரு கத்திப் பாத்தாரு, ஆளே இல்லாம எங்க கத்துறது? பூட்டிக்கினு பூட்டாரு."

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது எங்கள் போஸ்டர் எம்மாத்திரம்! ஆனாலும் மைக்குக்கு வாடகை கொடுத்தாயிற்று என்று உன் அப்பா பேசினார். பூட்டிய கேட்டைப் பார்த்து, "உழைக்கும் தாய்மார்களே" என்று தொடங்கி முழுப் பேச்சையும் பேசி முடித்தார். வாட்ச்மேன் கடைசிவரை கேட்டுவிட்டு, "நல்லா பேசுறாரும்மா உன் வூட்டுக்காரரு" என்றார்.

வீட்டுக்கு வந்து நூர்ஜகான் அக்காவிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அரிசி முறம் ஆடியது. "அடியேய், அஞ்சு வேளை தொழுவுற எனக்குத் தெரியும் இன்னிக்குக் கூழுன்னு. காலையில அஞ்சு மணிக்கே ரேடியோ கட்டிட்டானுங்களே. உங்களுக்குக் காது இல்லியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் சேர்ந்து லீவு போடுவது என்று பேசி முடித்திருக்கிறார்கள். இன்சார்ஜுக்குத் தெரியவில்லை, மானேஜருக்குத் தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிற எனக்கும் தெரியவில்லை. இவர்களுக்குத்தான் ரகசியம் காக்கத் தெரியாது என்று நான் அறிக்கை வாசித்தேன். எனக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது.

அந்தக் கோபத்தோடேயே பீர்க்கன்கரணைக்குப் போனேன். தெய்வானை அங்கேதான் இருந்தாள். காலர் லைனில் வேலை, என்னைவிட இரண்டு வயது சின்னவள், வாயைத் திறந்தால் மூட மாட்டாள். மஞ்சள் புடவையும் தலை நிறைய வேப்பிலையுமாக அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, ஒதுக்கி வைத்திருந்த கூழை ஒரு சொம்பில் ஊற்றி, முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் தனியாக எடுத்துக்கொண்டு வந்தாள். "என்கிட்ட ஏண்டி சொல்லல?" என்று கேட்டேன்.

"உங்கிட்ட சொன்னா நீ சாமி இல்லம்ப. அப்பால அதுக்கு ஒரு கிளாஸ் எடுப்ப. எதுக்கு பேஜாருன்னு வுட்டுட்டோம்" என்றாள்.

கூழைக் குடித்தேன். பசியில் அது அவ்வளவு நன்றாக இருந்தது. குடித்து முடித்துவிட்டு, "மானேஜர்கிட்ட பர்மிஷன் கேட்டீங்களா?" என்றேன். "ஆத்தாகிட்ட போறதுக்கு அவன் யாரு பர்மிசன் குடுக்க?" என்றாள். "அப்போ பாத்ரூம் போறதுக்கு மட்டும் அவன் யாருடி?" என்று கேட்டேன். இதைத் திட்டமிட்டுக் கேட்கவில்லை கதிர், வாயில் வந்துவிட்டது. அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நம் கம்பெனிப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தெய்வானை ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "தோ பாரு, மீட்டிங்கு, மாநாடுன்னா எங்களுக்கு பயமாக்கீது. வூட்டுலயும் வுட மாட்டாங்க. ஆனா எழுந்து நடக்கணும்னா நடப்போம். அதுக்கு இன்னா பேசத் தெரியணுமா?"

மறுநாள் திங்கட்கிழமை. உள்ளே போனதும் பார்த்தோம், எந்த லைனிலும் ஆணியில் டோக்கன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வராததற்குத் தண்டனை. மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று மானேஜர் உத்தரவு. அதைச் சொல்ல வேண்டியவர் ஃப்ளோர் இன்சார்ஜ். உன் இப்போதைய வயதுதான் இருக்கும். வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மீசைகூடச் சரியாக வளர்ந்திருக்கவில்லை. வாசலில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, உத்தரவைச் சொல்லிவிட்டுப் போனார். முந்நூறு மெஷின்களும் ஓடத் தொடங்கின.

பத்து மணி இருக்கும். காலர் லைனில் ஒரு மெஷின் நின்றது. தெய்வானை எழுந்தாள். கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். புடவையைச் சரி செய்துகொண்டு பாத்ரூமை நோக்கி நடந்தாள். அவளுக்குப் பின்னால் அடுத்த மெஷின் நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அந்தச் சத்தம் ஒவ்வொரு லைனாகக் குறைந்துகொண்டே போனதைச் சொல்ல எனக்கு வார்த்தை போதவில்லை. கடைசியில் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. அத்தனை வருஷம் அங்கே வேலை செய்து, ஃபேனுக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எல்லோரும் வரிசையில் நின்றோம். வரிசை ஹாலைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, கேட்வரை போயிற்று. ஒருவரும் கோஷம் போடவில்லை. ஒரு கொடி இல்லை. சிலர் சிரித்துக்கொண்டிருந்தார்கள், சிலர் அழுதார்கள். அவசரமே இல்லாதவர்களும் நின்றார்கள். நானும் நின்றேன். உன் அப்பாவின் மேடைப் பேச்சில் இந்த இடத்தில் "விண்ணதிர முழங்கினர்" என்று வரும். ஒருத்தியும் முழங்கவில்லை. நம்பு.

காலர் லைனின் தலையில் நின்றிருந்த இன்சார்ஜ் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, உட்காருங்கக்கா. ப்ளீஸ்க்கா. என் வேலை போயிடும்" என்று வரிசை நெடுகச் சொல்லிக்கொண்டே நடந்தார். "உன் வேல போச்சுன்னா எங்க வூட்டுக்கு வா சார், கூழு மீதி கீது" என்றாள் தெய்வானை. எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அதை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒவ்வொருத்தியாகப் போய்விட்டு வந்து, தண்ணீர்ப் பானையில் தண்ணீர் குடித்துவிட்டு, அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம். பானை காலியாகிவிட்டது. மறுபடி நிரப்பினார்கள். அதுவும் காலி.

உன் அப்பாவின் கதை இதோடு முடிந்து வெற்றி விழாவுக்குப் போய்விடும். இதற்குப் பிறகுதான் நீ கேட்க வேண்டியது. அன்று மத்தியானம் தெய்வானையையும் இன்னும் மூன்று பேரையும் மானேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். ரூமில் இன்சார்ஜும் நின்றார். மானேஜர் இவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. இன்சார்ஜிடம் கேட்டார்: "முதல்ல எழுந்தது யார்? பேரைச் சொல்லு." தெய்வானைக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டதாம். அவள் எழுந்தபோது இன்சார்ஜ் அதே லைனின் தலையில்தான் நின்றார். அவள் மடித்து வைத்த துணிகூட அவருக்குத் தெரியும். அவளுக்கு இரண்டு குழந்தைகள், புருஷன் இல்லை. அந்தப் பையன் மானேஜரைப் பார்த்து, "தெரியல சார். எல்லாரும் ஒண்ணாத்தான் எழுந்தாங்க" என்றாராம். மானேஜர் மறுபடி கேட்டார். மறுபடியும் அதே பதில். தெய்வானை இதை என்னிடம் சொன்னபோது அவள் குரலில் இருந்த ஆச்சரியம் இன்னும் என் காதில் இருக்கிறது. "அந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்த போதும்மா என்னைய வூட்டுக்கு அனுப்ப. சொல்லல."

அந்த வாரமே டோக்கன் முறையை எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் பாத்ரூமும் கூடுதலாகக் கட்டினார்கள். சங்கம் வந்தது. தெய்வானை கமிட்டியில் இருந்தாள். அடுத்த வருஷம் என்னை வேறு ஒரு காரணம் சொல்லி வெளியே அனுப்பினார்கள். அதற்குள் சங்கம் காலூன்றிவிட்டதால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பெயரைச் சொல்லாததற்காக அந்த இன்சார்ஜ் பையனை, டோக்கன் போன அதே வாரத்து வெள்ளிக்கிழமையே அனுப்பிவிட்டார்கள். அவர் கேட்டைத் தாண்டிப் போனதை நாங்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. டோக்கனுக்காக எழுந்த முந்நூறு பேரும் அவருக்காக எழுந்திருக்கவில்லை. அவர் நம் ஆள் இல்லை என்பதுதான் அப்போது எங்கள் கணக்கு. சங்கத்தின் வெற்றியைப் பற்றி உன் அப்பா துண்டுப் பிரசுரம் எழுதினார். இன்சார்ஜ் சொன்ன பதிலையும் அதில் சேர்க்கச் சொன்னேன். "வர்க்கக் குழப்பம் வரும்" என்று சொல்லி அடித்துவிட்டார். "வர்க்கத்துக்குக் குழப்பம் இல்லை தோழர், உங்களுக்குத்தான் குழப்பம்" என்றேன். வீட்டில் நான் அவரைத் தோழர் என்று கூப்பிட்டால் கோபமாக இருக்கிறேன் என்று உனக்குத் தெரியுமே. மூன்று நாள் தோழர்தான்.

சில வருஷம் கழித்துப் பல்லாவரம் சந்தைப் பக்கம் அந்தப் பையனைப் பார்த்தேன். பட்டன், நூல், ஜிப் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார். தொப்பை போட்டிருந்தது, மீசை நன்றாக வளர்ந்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு, டீ வாங்கிக் கொடுத்தார். "அன்னிக்கு நீங்க பேரைச் சொல்லியிருக்கலாம்" என்றேன். "சொல்லியிருக்கலாம்தான்" என்றார். டீயைக் குடித்துவிட்டு, "வேலை போனதுகூடப் பெரிசா இல்லைங்க. எங்கம்மா ஒரு மாசம் என்கூடப் பேசலை. கெடைச்ச வேலையைக் காப்பாத்திக்கத் தெரியலைன்னு. அதான் கஷ்டமா இருந்தது" என்றார். நான் எதற்குப் போனேனோ அதை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நீ ஃப்ளோர் இன்சார்ஜ் என்று உன் அப்பா சொன்னபோது எனக்கு அந்தப் பையனின் முகம்தான் வந்தது. மானேஜரின் முகம் வரவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ எதிரியாகப் போகிறாய் என்று நான் நினைக்கவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள், அந்த இடத்துக்குப் போகிறாய். மேலேயிருந்து டார்கெட் என்று அடிப்பார்கள், கீழேயிருந்து முடியவில்லை என்று அழுவார்கள். நீ போகாவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது, வேறு ஒருவன் வருவான். அவன் யாரோ, எப்படிப்பட்டவனோ. என் வயிற்றில் பிறந்தவன் அங்கே நிற்பது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. இது உன் அப்பாவின் கருத்தும்தான், ஆனால் அதைச் சொல்ல அவருக்கு ஒரு மாநாடு தேவைப்படும். ஆகவே நான் சொல்கிறேன். எழுதிக் கொடுக்காதே. போ.

போய், முதல் வாரத்தில் முந்நூறு பேர் பெயரையும் கற்றுக்கொள். "ஏய், ரெண்டாவது லைன்" என்று யாரையும் கூப்பிடாதே. மாலையில் தண்ணீர்ப் பானையைத் திறந்து பார். பானை நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தால் உன் ஃப்ளோரில் ஏதோ தவறு நடக்கிறது என்று அர்த்தம். யாரும் புகார் சொல்லும்வரை காத்திருக்காதே. அவர்கள் சொல்ல மாட்டார்கள். இப்போது வேலைக்கு வருகிற பெண்கள் எங்களைப் போல இல்லை என்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் காலத்தில் புருஷன் கையெழுத்துப் போட்டால்தான் சங்கத்தில் சேருவார்கள். இப்போது தாம்பரம் ஸ்டேஷனில் பார்க்கிறேன், சுடிதார் போட்டுக்கொண்டு, பத்தாவது பன்னிரண்டாவது படித்துவிட்டு, கூட்டம் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு இறங்குகிறார்கள். அதில் ஒருத்தி போன மாதம் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, பி.எஃப். பிடிக்கிறான், ரசீது குடுக்க மாட்டேங்கிறான், எங்க எழுதிப் போடணும்?" என்று கேட்டாள். தெய்வானையின் சின்ன மகள் அவள். அம்மாவைவிட நன்றாகப் பேசுகிறாள், அம்மாவைவிடக் கொஞ்சம் நிறுத்தவும் தெரிகிறது. இதையெல்லாம் பார்க்கும்போது எனக்கு நம்பிக்கை வராமல் எப்படி இருக்கும்? நாங்கள் நினைத்த வேகத்தில் நடக்கவில்லை. நாங்கள் குறித்த நாளில் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் நடக்கிறது. நாள் குறிப்பது நாங்கள் இல்லை என்று ஒப்புக்கொண்ட பிறகு எனக்குத் தூக்கம்கூட நன்றாக வருகிறது.

உன் ஃப்ளோரிலும் ஒருநாள் மெஷின்கள் நிற்கும். எதற்காக, எப்போது என்று எனக்குத் தெரியாது. நிற்காமல் இருக்காது. அன்று உன்னையும் ஒரு ரூமுக்குக் கூப்பிட்டுப் பெயர் கேட்பார்கள். அப்போது நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அது என் பதிலாகிவிடும். உன்னைப் பெற்றவளாக, உன் வேலை போய்விடக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்வேன். யாரை வேண்டிக்கொள்வாய் என்று கேட்காதே. அதே சமயம் இன்னொன்றும் வேண்டிக்கொள்வேன், அது என்ன என்பது உனக்குத் தெரியும். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அது என் பாடு.

ஒன்று மட்டும் நிச்சயமாகச் சொல்ல முடியும். நீ அந்த ரூமில் ஒருத்தியின் பெயரைச் சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பினால், மறுநாள் காலை உன் கம்பெனி வாசலில் அவளோடு நான் நிற்பேன். உன்னைப் பெற்றவள் என்று பார்க்காமல் கத்துவேன், என் குரல் உனக்குத் தெரியும். நீ சொல்லாமல் இருந்து, அதற்காக உன்னை வெளியே அனுப்பினால், அதே வாசலில் உனக்காகவும் நிற்பேன். இன்சார்ஜுக்குச் சங்கத்தில் இடமில்லை என்று உன் அப்பா விதிமுறையைப் பிரித்துக் காட்டுவார். காட்டட்டும். அந்தப் பையனுக்காக அன்று ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. இந்த முறை நான் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அம்மா